இடிக்கு மட்டும் கருவி இல்லை

போன மாதம் ஒரு காலையில், சாம்பல்தீவில் என் வீட்டு வளவில் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. நான் முப்பத்துமூன்று வருடம் வேலை செய்த வானிலை அவதான நிலையத்திலிருந்து பர்ஹானா பேசினார். கிண்ணியாக்காரி. நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்தவர், கெட்டிக்காரி. ஏதாவது சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் என்னைக் கூப்பிடுவார். எனக்கும் அது உள்ளூரப் பெருமைதான்.

“சேர், பழைய பதிவுப் புத்தகமெல்லாம் கொம்பியூட்டர்ல ஏத்துறம். ரெண்டு வருசப் புத்தகத்துல இடி எண்ட நிரல்ல சிவப்புப் பென்சிலால சாய்கோடு சாய்கோடாப் போட்டிரிக்கி. முதல் எழுதினதையும் வெட்டியிரிக்கி. எல்லாத்துக்கும் பூச்சியம் எண்டு அடிச்சிரட்டா?”

“அடியாதேங்கோ!” என்று நான் போட்ட சத்தத்தில் வளவுக்குள் மேய்ந்த கோழிகள் சிதறி ஓடின. “நாளைக்கு நான் வாறன். அதுமட்டும் அந்தப் பக்கங்களைத் தொடாதேங்கோ.”

பிறகுதான் வெட்கமாக இருந்தது. அவர் என்ன பிழை செய்தார்? ஒரு சாய்கோட்டுக்கும் ஒரு பூச்சியத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்காக ஒரு மனிதர் தன் மானத்தையும் உத்தியோகத்தையும் மேசையில் எடுத்து வைத்தார் என்பதை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லையே. அடுத்த நாள் பஸ் ஏறிப் போய்ப் பர்ஹானாவுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் நிலையம் துறைமுகத்தைப் பார்த்த ஒரு மேட்டில் இருக்கிறது. காலை ஐந்தரைக்குத் தொடங்கி மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை வெளியே போய், வானத்தையும் கருவிகளையும் பார்த்து எழுதி அனுப்புவதுதான் வேலை. வெப்பத்துக்கு ஒரு கருவி, காற்றுக்கு ஒரு கருவி, மழைக்கு ஒரு அளவுக் குவளை. வெயிலுக்குக்கூட ஒரு கண்ணாடிக் குண்டு இருந்தது. சூரியன் எறித்த நேரமெல்லாம் அது தனக்குக் கீழே செருகிய அட்டையைச் சுட்டுக் கோடு போடும். இடிக்கு மட்டும் கருவி இல்லை. இடிக்குக் கருவி அவதானியின் காது. கேட்டால் எழுத வேண்டும், கேட்காவிட்டால் எழுதக்கூடாது. கடமையில் இல்லாத ஒருவன் தான் கேட்டதாகச் சத்தியம் பண்ணினாலும் எழுதக்கூடாது. இப்போது மின்னலை எங்கோ இருக்கும் இயந்திரங்கள் எண்ணிவிடுகின்றனவாம். நல்லதுதான். எங்கள் காலத்தில் அந்த நிரல் முழுக்க முழுக்கக் காதை நம்பி இருந்தது.

கொழும்பில் ஆறு மாதம் பயிற்சி. முகிலின் பத்து வகையையும் பாடமாக்கினேன், கொஞ்சம் சிங்களம் பிடித்தேன், அம்மாவின் சோற்றுக்கு ஏங்கினேன். அவ்வளவுதான். வேலை படித்தது திருகோணமலைக்கு வந்து ஞானமுத்து ஐயாவிடம்.

ஐயாதான் நிலையத்தின் பொறுப்பதிகாரி. மெலிந்த மனிதர். வெள்ளை அரைக்கைச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாது. மேசையில் மூன்று கறுப்புப் பென்சில், ஒரு சிவப்புப் பென்சில். பேனை கிடையாது, மை மழையில் கரையும். வேலைக்குப் போன முதல் நாளே என் சட்டைப் பையில் அழிறப்பர் இருப்பதைக் கண்டுவிட்டார். அதை வாங்கி ஒரு கடித உறையில் போட்டு, உறையில் என் பெயரை எழுதி, லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

“பென்சன் எடுத்துப் போகேக்க கொண்டு போம்” என்றார்.

பிழை வந்தால் ஒரே ஒரு கோட்டால் வெட்ட வேண்டும். வெட்டினது வாசிக்கத் தெரிய வேண்டும். சரியானதை மேலே எழுதிப் பக்கத்தில் பெயரின் முதலெழுத்தை வைக்க வேண்டும். பிழை விட்டவன் ஓடி ஒளிக்கக் கூடாது என்பது அவருடைய கட்டளை. எல்லாரையும் ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவார். ‘நீ’யும் இல்லை, ‘நீங்க’ளும் இல்லை. அந்த ‘நீர்’ நெருங்கவும் விடாது, நோகவும் செய்யாது.

இடி முழங்கினால் என் அம்மா “அர்ச்சுனா, அர்ச்சுனா” என்பா. ஐயாவின் மனைவி படிப்பித்தவ, அவவை நாங்கள் ரீச்சர் என்போம், அவ “ஆண்டவரே” என்பா. எனக்கும் ஐயாவுக்கும் இடது மணிக்கட்டு தானாகத் திரும்பும். முதலில் நேரம், பயமெல்லாம் பிறகு. முதல் இடி எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், மெலிதா கடுமையா, கடைசி இடி எத்தனை மணிக்கு. கடைசி இடிக்குப் பிறகு பத்து நிமிடம் வானம் வாய் திறக்காவிட்டால்தான் முடிந்தது என்று எழுதலாம். மின்னல் மட்டும் தெரிந்து இடி கேட்காவிட்டால் அதற்கு வேறு குறி. அந்தப் பத்து நிமிடமும் ஐயா ஒருவரையும் கதைக்க விடமாட்டார். தேத்தண்ணி ஆறும், தொலைபேசி அடிக்கும், அவர் யன்னலடியில் தலையைச் சரித்துக்கொண்டு நிற்பார். இந்தப் பழக்கம் என்னிலும் ஒட்டிக்கொண்டது. என் கலியாணத்தில் ஐயர் மந்திரம் சொல்லும்போது இடி முழங்க, நான் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டேன். தாலி கட்டுற நேரத்திலும் இவருக்கு அவசரம் என்று என் மனுசி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவா.

இடியோடு போட்டி போட எங்கள் ஊரில் வேறு சத்தங்களும் இருந்த காலம் அது. நான் வந்து இரண்டாம் வருடம், ஒரு பின்னேரம் தெற்குப் பக்கம் தொலைவில் ஒரு முழக்கம் கேட்டது. நான் நேரம் பார்த்து, இடி, தெற்கு, மெலிது என்று எழுதினேன். ஐயா வந்து புத்தகத்தைப் பார்த்தார்.

“மின்னல் கண்டனீரோ?”

“இல்லை ஐயா. பகல் வெளிச்சம்.”

“முகில்?”

திரும்பிப் பார்த்தேன். தெற்கே நாலைந்து வெள்ளைப் பஞ்சு முகில்கள் சும்மா நின்றன. இடி முழங்குகிற முகில் ஒன்றும் இல்லை.

“சத்தம் உருண்டதோ, குத்தினதோ?”

“குத்தின மாதிரித்தான் ஐயா.”

“இடி உருளும். வெடி குத்தும்.” சிவப்புப் பென்சிலை என் பக்கம் நீட்டினார். “வெட்டும். மனிசன் செய்யிற சத்தத்தை ஆண்டவற்ற பேரில எழுதாதையும்.”

வெட்டி முதலெழுத்து வைத்தேன். அடுத்த நாள் அந்தப் பக்கத்திலிருந்து சனம் மூட்டை முடிச்சோடு நடந்து வந்தது. பிள்ளைகள் ஒன்றும் அழவில்லை, அதுதான் பார்க்க ஏலாமல் இருந்தது. அதற்குப் பிறகு ஒருநாளும் நான் அந்தப் பிழையை விடவில்லை.

ஐயாவின் மேசைக் கண்ணாடிக்குக் கீழே அவருடைய கையெழுத்தில் ஒரு அட்டை இருந்தது. இருபத்தொன்பதாம் சங்கீதம். நான் சைவக்காரன், எனக்கு அதெல்லாம் தெரியாது. ஒரு மழை நாளில், வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போக வழியில்லாமல் நின்றபோது, அது என்ன ஐயா என்று கேட்டேன்.

“இதை எழுதின ஆள் ஒரு அவதானி” என்றார். “பகிடி இல்லை, பாரும். ஆண்டவருடைய குரல் முதல் கடலுக்கு மேல முழங்குது. பிறகு லீபனோன் மலையில ஏறிக் கேதுரு மரங்களை முறிக்குது. மலை கண்டுக்குட்டி மாதிரித் துள்ளுது. நெருப்புப் பறக்குது. பிறகு தெற்க இறங்கி வனாந்தரத்தை உலுப்புது, மான் பதறி ஈனுது, காடு இலை கொட்டி வெறுமையாகுது. கடல், மலை, வனாந்தரம். புயல் போன பாதை கீறி வைச்ச மாதிரி இருக்கு. குரல் எண்டு ஏழு தரம் வருது. எபிரேயத்தில குரலுக்கும் இடிக்கும் ஒரே சொல்லுத்தானாம், ஒரு பாதிரியார் சொன்னவர். அப்ப ஏழு இடி.”

“முடிஞ்ச நேரம் எழுதேல்லையே ஐயா?”

“எழுதியிருக்கு. கடைசி வரியில தன்ர சனத்துக்குச் சமாதானம் குடுக்கிறார். அதுதான் எங்கட பத்து நிமிசம்.”

“எங்கட இடி மற்றப் பக்கத்தால எல்லே வருது? கந்தளாய்ப் பக்கம் தொடங்கிக் கடலுக்குப் போகுது.”

“ஓம். இஞ்ச அவர் கந்தளாயில வெளிக்கிட்டுத் துறைமுகத்தில வந்து முடிக்கிறவர்” என்றார் ஐயா. அவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான் முதல் தரம். அந்த ஒரு மழையோடு எனக்கு அந்தச் சங்கீதம் பாடமாகிவிட்டது. நான் கோயிலை மாற்றவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் கடும் இடி முழங்கும்போது மரம் முறிகிறது, மான் ஈனுகிறது என்று மனம் தன்பாட்டில் சொல்லிக்கொள்ளும்.

சண்டை முடிந்தது. வெடிச்சத்தம் நின்றது. ஐயாவுக்கு ஓய்வு பெற மூன்றரை வருடம் இருந்தது. அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடத்தில்தான் நான் கவனித்தும் கவனிக்காமல் விட்ட விசயம் நடந்தது. நான் கடமையில் இருந்த நாட்களில் இடி என்று இருக்கும். ஐயா இருந்த நாட்களில் ஒன்றும் இல்லை, அல்லது மின்னல் கண்டது, இடி கேட்கவில்லை என்று இருக்கும். எத்தனையோ வருடம் வெடியையும் இடியையும் பிரித்துப் பிரித்துக் கேட்ட மனிதர், நல்லாய் நிச்சயம் இல்லாவிட்டால் எழுதமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய கண்டிப்பு கூடிவிட்டது என்று எனக்கு மதிப்புத்தான் கூடியது. எங்கள் வேலை செய்தவனுக்குத்தான் இப்படி ஒரு மடத்தனமான நினைப்பு வரும்.

ஒருநாள் நிலாவெளி பஸ்ஸில் ஒரு வள்ளச் சொந்தக்காரர், நாங்கள் சம்மாட்டி என்போம், என்னைப் பிடித்துக்கொண்டார்.

“உங்கட ஒபிசில இருக்கிற பெரியவருக்குக் காது இருக்கோ இல்லையோ? போன கிழமை போன் பண்ணிக் கேட்டனான். இடி ஒண்டும் இல்லை எண்டார். வள்ளம் இறக்கிப் போறதுக்குள்ள தலைக்கு மேல முழங்கிச்சுது. நாலு பேரும் வள்ளத்துக்க குப்புறப் படுத்துக் கிடந்தனாங்கள்.”

“வானம் அரை மணித்தியாலத்தில மாறும் அண்ணை” என்று நான் வெட்டிப் பேசினேன். ஐயாவை ஒருவர் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது.

அந்த வருடம் ஐயாவின் தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகைக்கு என்னையும் மனுசியையும் கூப்பிட்டிருந்தார்கள். மாலை நாலு மணி ஆராதனை. பீடத்துக்கு முன்னால் பூசணிக்காய், வாழைக்குலை, கந்தளாய் நெல், கருவாட்டுக் கட்டு எல்லாம் அடுக்கியிருந்தது. வேதம் வாசிக்கிறவர் ஐயா. கண்ணாடியைச் சரிப்படுத்திக்கொண்டு இருபத்தொன்பதாம் சங்கீதத்தைத் தொடங்கினார்.

குரல் தண்ணீர்களின் மேல் என்று அவர் வாசித்தபோது இடி முழங்கியது. கந்தளாய்ப் பக்கத்தால் உருண்டு வந்து துறைமுகத்துக்கு மேல் அடங்கியது. சபை முழுக்க ஒரு அசைவு. என் மணிக்கட்டு திரும்பியது. ஐயா நிறுத்தாமல் வாசித்தார். மரங்கள் முறிகிற இடத்தில் இன்னொன்று. பிள்ளைகள் தாய்மாரோடு ஒட்டிக்கொண்டார்கள். மான் ஈனுகிற இடத்தில் மூன்றாவது, யன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. ஐயாவின் குரல் ஒரு நூல் அளவும் தளம்பவில்லை. எனக்குப் பின்னால் இருந்த ஒருவர் “என்ன விசுவாசம் பாருங்கோ” என்று மெதுவாகச் சொன்னார். ரீச்சரின் முகம் பெருமையில் மலர்ந்திருந்தது.

நான் ஐயாவின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று இடிக்கும் ஐயா மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

பிறகு தேத்தண்ணியும் கேக்கும் தந்தார்கள். கேக்கை மனுசியின் தட்டில் வைத்தேன். நிலாவெளி வள்ளத்தில் குப்புறக் கிடந்த நாலு பேரும் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். சொல்லாமல் விட்டால் அடுத்த முறை அவர்கள் எழும்பாமல் போகலாம். சொன்னால், ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருக்க, காது கேளாதவர் என்று ஐயாவை வீட்டுக்கு அனுப்பலாம். அழிறப்பரைப் பூட்டி வைத்த மனிதருக்கு முன்னால் போய், ஐயா, நீங்கள் எழுதினது பிழை என்று எந்த வாயால் சொல்லுவது? மூன்று நாள் தள்ளிப்போட்டேன். நாலாம் நாள் அவருடைய வீட்டுக்குப் போனேன்.

ரீச்சர் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போனா. நான் சுற்றி வளைக்கவில்லை.

“ஐயா, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வாசிக்கேக்க மூண்டு இடி முழங்கினது.”

அவர் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன்.

“எந்த இடத்தில?”

“தண்ணியில ஒண்டு. மரம் முறியேக்க ஒண்டு. மான் ஈனேக்க ஒண்டு.”

“நேரம்?”

“நாலு இருபத்தொண்டு. நாலு இருபத்திரண்டு. மூண்டாவதும் நாலு இருபத்திரண்டுதான், கடைசியில. தென்மேற்கால, நடுத்தரம்.”

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். அழப்போகிறார் என்று நான் எழும்ப, அவர் சிரித்தார். பிறகு இரண்டும் ஒன்றாக வந்தது.

“ரெண்டு வருசம்” என்றார். “ரெண்டு வருசமா ஆண்டவர் மின்னலை மட்டும் காட்டிப்போட்டுப் பேசாமல் இருக்கிறார் எண்டு நினைச்சனான். சண்டைக்குள்ளயும் கதைச்சவர் இப்ப ஏன் என்னோட கதைக்கிறாரில்லை எண்டு எத்தினை நாள் முழங்காலில நிண்டு கேட்டனான் தெரியுமோ? அவர் கதைச்சுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். என்ர காதுதான் இல்லை. தோத்திரம். தோத்திரம்.”

வாசலில் தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்ற ரீச்சர் ஒன்றும் விளங்காமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தா. காது போனதற்கு நன்றி சொல்லி அழுத மனிதரை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

ஆஸ்பத்திரியில் காது வைத்தியர் சோதித்துவிட்டு விளக்கினார். சிலருக்குக் காது போகும்போது தடித்த, கீழ்ச் சத்தங்கள் முதலில் போகுமாம். பேச்சு கேட்கும், கரண்டி விழுந்தால் கேட்கும், இடி கேட்காது. தொலைபேசியில் கதைத்தவரை நாங்கள் யாரும் சந்தேகப்படாததற்குக் காரணம் அதுதான்.

“இனி இடியை நான் எழுதிறன் ஐயா. பழசை விடுங்கோ. ஆர் பாக்கப் போகினம்?” என்றேன் நான். இதை நான் சொன்னேன் என்று எழுத இப்போதும் வெட்கம்தான்.

நிலையத்துக்கு வந்ததும் அவர் இரண்டு வருடப் புத்தகங்களையும் மேசைக்கு எடுத்துவரச் சொன்னார். சிவப்புப் பென்சிலைச் சீவினார். இரண்டரை மணி அவதானம் முடிந்ததிலிருந்து ஐந்தரை மணி அவதானம் வரைக்கும், பதினொரு நாள் அந்த வேலை நடந்தது. தான் கடமையில் இருந்த ஒவ்வொரு நாளையும் எடுத்தார். இடி இல்லை என்று இருந்ததை ஒரு கோட்டால் வெட்டினார். பூச்சியம் என்றால் இடி முழங்கவில்லை என்று பொருள். சாய்கோடு என்றால் முழங்கியதா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. மேலே சாய்கோடு, பக்கத்தில் முதலெழுத்து. தொடக்க மாதங்களில், மிகக் கிட்ட முழங்கியதால் கேட்டு எழுதிய சில இடிகளை மட்டும் தொடாமல் விட்டார்.

“மின்னல் கண்டது உண்மைதானே ஐயா, அதையும் ஏன் வெட்டுறியள்?”

“வெட்டேல்லை. வடிவாப் பாரும். மின்னல் கண்டது நிக்கட்டும். கேக்கேல்லை எண்டதுதான் போகவேணும். நான் கேக்காததை வானம் பேசாததா எழுதிப்போட்டன். அது பொய்.”

பிறகு தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். தன் காது, தன் பிழை, திருத்திய நாட்களின் பட்டியல், எந்த முடிவுக்கும் தான் உடன்படுவதாக ஒரு வரி. தபாலில் போட்ட அன்றே நிலாவெளிக்குப் பஸ் ஏறினார். நானும் போனேன். கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த சம்மாட்டிக்கு முன்னால் போய் நின்றார்.

“போனில இடி இல்லை எண்டு சொன்னது நான். எனக்குக் காது கேக்கேல்லை. உங்களையும் உங்கட ஆக்களையும் சாவுக்குக் கிட்டக் கொண்டு போயிட்டன். மன்னிக்க வேணும்.”

சம்மாட்டிக்குக் கையைக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. “ஐயா, நான் கோவத்தில ஏதோ கதைச்சனான்” என்று சொல்லிக்கொண்டே ஒரு பெரிய பாரை மீனைப் பையில் போட்டு ஐயாவின் கையில் திணித்துவிட்டார். இஸ்திரிச் சட்டையும் மீன் பையுமாக ஐயா பஸ்ஸில் வந்த கோலத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

பதில் வர ஐந்து கிழமை எடுத்தது. அந்த நாட்களில் தபால்காரரின் சைக்கிள் மேட்டில் ஏறும்போதெல்லாம் நான் வாசலுக்கு ஓடுவேன். ஐயா என்னவோ நிம்மதியாக இருந்தார். ஒரு பின்னேரம் கண்ணாடிக்குக் கீழே இருந்த அட்டையை எடுத்து என்னிடம் தந்தார்.

“இதை எத்தினை வருசமா வாசிக்கிறன். இப்பதான் கண்டனான். குரல் தண்ணிக்கு மேல வருது, மரத்தை முறிக்குது, மலையைத் துள்ளப் பண்ணுது, வனாந்தரத்தை உலுப்புது. ‘நான் கேட்டன்’ எண்டு ஒருத்தரும் சொல்லேல்லைத் தம்பி. தேடிப் பாரும். கேக்கிறது எண்ட கதையே இல்லை. மரத்துக்குக் காது இருக்கோ? மலைக்கு இருக்கோ? அந்தக் குரலுக்கு எங்கட காது தேவையில்லை.”

நான் தேடிப் பார்த்தேன். இல்லைத்தான். அதைவிட அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதுதான் அப்போது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தரம்.

பதில் வந்தது. நான் வாசித்துக் காட்டினேன். மற்ற அவதானங்களை அவர் தொடரலாம். இடியை மட்டும் காது கேட்கும் இன்னொரு அவதானியுடன் சேர்ந்து எடுக்க வேண்டும், இரண்டு பேரும் முதலெழுத்து வைக்க வேண்டும். திருத்தங்கள் அப்படியே ஏற்கப்பட்டன. கீழே கையெழுத்து வைத்த அதிகாரியை நான் ஒருநாளும் காணவில்லை. அவர் எங்கிருந்தாலும் நல்லாயிருக்க வேண்டும்.

அந்தக் கடைசி வருடம்தான் என் உத்தியோகத்தில் நான் மிகவும் விரும்பிய வருடம். இரண்டு பேருக்கும் ஒரே நேரக் கடமை போட்டார்கள். யன்னலடியில் ஐயா கண், நான் காது. மின்னல் தெரிந்தால் அவர் விரலை உயர்த்துவார், நான் எண்ணத் தொடங்குவேன், இடி கேட்டதும் நான் விரலை உயர்த்துவேன். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் என்று தூரத்தையும் கணித்துவிடுவோம். அவ்வளவு சுத்தமான இடிப் பதிவு எங்கள் நிலையத்தில் அதற்கு முன் இருந்ததில்லை. கடைசி இடிக்குப் பிறகு வரும் பத்து நிமிடத்தை, கேட்கிற நானும் கேட்காத அவரும் ஒரே மாதிரிக் காத்திருப்போம்.

அவருடைய கடைசி நாள் ஐப்பசியில் வந்தது. ஐந்தரை மணி அவதானத்துக்குச் சற்று முன்பு கந்தளாய்ப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. முகில் அடர்த்தியில் மின்னல் ஒன்றும் தெரியவில்லை. ஐயா மேசையில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். பழைய பலகை மேசை, கடும் இடிக்கு அதிரும். நான் யன்னலடியில் நின்றேன். திடீரென்று அவர் மற்றக் கையின் விரலை உயர்த்தினார். அதே கணத்தில்தான் எனக்கும் இடி கேட்டது. அவருடைய இடது மணிக்கட்டு திரும்பியது. எத்தனை மாதத்துக்குப் பிறகு!

“அஞ்சு இருபத்தாறு” என்றார். என் மணிக்கூட்டிலும் அதுதான்.

“எழுதலாமோ?” என்று என்னைக் கேட்டார். எனக்கு வேலை படிப்பித்த மனிதர், ஒரு சின்னப் பிள்ளை மாதிரி.

“எழுதுங்கோ ஐயா. நானும் கேட்டனான்.”

எழுதினார். இரண்டு பேரும் முதலெழுத்து வைத்தோம். அடுத்த கோடை வருவதற்கு முன்னமே நெஞ்சு நோவில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பர்ஹானா இதையெல்லாம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, கணினியில் ‘அவதானிக்கப்படவில்லை’ என்பதற்கு ஒரு தனி எண் இருக்கிறதா என்று தேடினார். இருந்தது. ஒன்றாகச் சேர்த்து அடிக்க வழியில்லை, ஒவ்வொரு நாளாகத்தான் அடிக்க வேண்டும். “பரவால்ல சேர், அவரும் ஒவ்வொண்டாத்தானே போட்டிரிக்கார்” என்றார். நான் திகதியை வாசிக்க வாசிக்க அவர் அடித்தார். பகல் சாப்பாட்டையும் மறந்து பின்னேரம்வரை இருந்தோம். ஒரு சாய்கோடும் பூச்சியமாகவில்லை.

அந்த நிரல் முடிந்தவுடன் ஐயாவின் கடைசி நாள் பக்கத்தையும் எடுக்கச் சொன்னேன். ஐந்து இருபத்தாறு, இடி, பக்கத்தில் இரண்டு முதலெழுத்து. பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. நான் விரலால் தடவிப் பார்த்தேன்.

“இத என்னெண்டு அடிக்கிற சேர்? நேரம் போடலாம், திசை போடலாம். ஆர் கேட்ட எண்டு போட இதுல இடமில்லையே.”

“வேண்டாம் பிள்ளை” என்றேன். “அந்தச் சங்கீதத்திலயும் அது இல்லை.”

பர்ஹானா இடி என்று அடித்தார்.